பதினோராவது கோடு

உறையின் மேல் ஒரு படம் உண்டு:
வட்டத்துக்குள் இரண்டு என்ற எண்,
குறுக்கே ஒரு வெட்டு.
ஒரு முறைக்கு மேல் கூடாது என்று அர்த்தம்.
எனக்குத் தெரியும்.
ஆனாலும் அதைக் கழுவி, பிரஷ் போட்டு,
வாயுப் பெட்டியில் ராத்திரி முழுக்க வைத்து
புது உறையில் ஒட்டி
மார்க்கர் பேனாவால் கோடு போடுவது நான்தான்.
நான்கு கோடு, குறுக்கே ஒன்று,
பால்கணக்கு மாதிரி.

இன்று பத்துக்கு மேல் ஒன்று.

கைப்பிடி, நீளத் தண்டு,
நுனியில் கிளிமூக்கு அளவில் ஒரு தாடை.
ரத்தக்குழாயைக் கவ்வி அழுத்தி
அதன் சுவரையே உருக்கிப் பசையாக்கி
அதையே கொண்டு அதை ஒட்டிவிடும்.
முடிச்சு இல்லை, கிளிப் இல்லை.
ஒட்டியதும் பெட்டி கூவும்: ட்டூ, ட்டூ.
அதற்குப் பிறகுதான் உள்ளே கத்தி நகரும்.
காப்பீட்டு அட்டையில் வரும் பணம்
மயக்க மருந்துக்கே காணவில்லை என்பார் முதலாளி.
மணிக்கூண்டுக்குப் பின்னால் மூன்று மாடி,
லிஃப்டுக்கு இன்னும் தவணை பாக்கி.

படுத்திருப்பவள் மணல்மேட்டுக்காரி,
நாற்பத்தேழு வயது, நடவாள்.
ஏழு மாதமாய் உதிரம் நிற்காததை
"மடை அடைபடல" என்றுதான் சொன்னாள்.
பெயர் தையல்நாயகி.
"வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நேர்ந்துகிட்டு வச்சது.
ஒரு பித்தான்கூடத் தைக்கத் தெரியாது எனக்கு."
ஊசி போடும்போது கேட்டாள்:
"எத்தன தையல் வரும் சிஸ்டர்?"
நாலு ஓட்டை, ஓட்டைக்கு ஒன்று என்றேன்.

வாயு ஏறி வயிறு எழும்பியது.
திரையில் மஞ்சள் கொழுப்பு,
கட்டியால் பருத்த கர்ப்பப்பை.
டாக்டர் மெகராஜ் பானு பெடலை மிதித்தார்.
ஆவி வந்து கேமராவின் கண்ணை மூடியது.
ட்டூ, ட்டூ. வெட்டு.
வலப்பக்கம் சுத்தம், வெள்ளை விளிம்பு.

இடப்பக்கம் கவ்வினார். மிதித்தார்.
ட்டூ, ட்டூ.
அதே சத்தம், அதே நேரக்கணக்கு.
கத்தி போனது.
ஒரு மூச்சு வரைக்கும் ஒன்றுமில்லை.
பிறகு முதலில் நண்டு வளையில் கசிகிற மாதிரி,
அப்புறம் கரையே.

"தையல்" என்றார்.
அவளைத்தான் கூப்பிடுகிறார் என்று
ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன்.
டேப் ஒட்டிய இமைகள்.
"இருதயமேரி! நூல்!"

கொடுத்தேன்.
கை எட்டாத ஆழத்தில்
இரண்டு குச்சிகள் ஒன்றையொன்று சுற்றின,
வழுக்கின, மறுபடி சுற்றின.
மயக்க டாக்டர் இன்னொரு சலைனைத் திறந்துவிட்டார்.
முடிச்சு விழுந்தது. மேலே இன்னொன்று.
முடிச்சுக்கு எந்தப் பெட்டியும் கூவவில்லை.
சிவப்பு நின்றதைப் பார்த்துத்தான்
நின்றது என்று தெரிந்துகொண்டோம்.

இன்று கரண்ட் போகவில்லை.
அதன் மேல் பழி போட முடியாது.

தாடையை விரித்து விளக்கில் காட்டினார்.
இடுக்கில், என் பிரஷ் தொடாத ஓர் மூலையில்
பத்துப் பேரின் கருகல்.
"எத்தனையாவது?"
"பதினொன்று."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
உறை காலையில் அவர் கண்ணுக்கு எதிரில்தான் கிடந்தது,
கோடுகள் மேல்பக்கமாக.

ஸ்டோரிலிருந்து ஆள் வந்தான்:
"சார் கேக்குறாரு, இன்னும் ரெண்டு தடவ வருமான்னு."
கட்டுத்துணி வெட்டும் கத்தரிக்கோலால்
கேபிளை நறுக்கினேன்.
நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது,
மூன்று தரம் அழுத்த வேண்டியிருந்தது.
"இப்ப போய்ச் சொல்லு."

சாயங்காலம் அவளுக்கு நினைவு தெளிந்தது.
நாக்கு உலர்ந்திருந்தது, பஞ்சை நனைத்து வைத்தேன்.
"எத்தன தையல்?"
அஞ்சு.
"நாலுன்னீங்களே."
உள்ளே ஒண்ணு விழுந்தது.
கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தாள்.

"அதுக்குத் தனியாக் காசா, சிஸ்டர்?"